இரட்டைக்குழல் துவக்குக்குச் சுருதி பார்த்த நாட்கள்

19 செப்ரெம்பர் 1998, சனி

காலை முதல் மழை. ஒன்பதாம் மாடியில் மழை மேலிருந்து கீழே விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைகிறது. யன்னல் துடைக்கும் வேலை மறுபடி ஒத்திவைப்பு. ஸ்காபரோவின் அழுக்கு முழுவதும் என் கண்ணாடியில் குடியுரிமை எடுத்துவிட்டது.

முன்னறையில் யோகேஸின் சங்கீத வகுப்பு. (இனி யோ. என் மனைவியாரின் முழுப்பெயரும் பட்டங்களும் எழுத ஒரு கப்பல் மை வேண்டும்.) ஒரு டசின் பிள்ளைகள், ஒரு டசின் சுருதி. நான் படுக்கையறையில், கொம்பியூட்டரோடு, நாடு கடத்தப்பட்ட சக்கரவர்த்தி.

கண்டேன்! துவக்கு. இரட்டைக்குழல், இரண்டும் பக்கம் பக்கமாக. பேர்மிங்காமில் செய்ததாம், விக்ரோறியா மகாராணியார் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில். லின்ட்சேப் பக்கத்தில் வோல்ற்றர் என்று ஒருவர் இன்ரர்நெற்றில் விற்கிறார். படம் வரி வரியாக இறங்கியது. குழல் வாய் தெரிந்தபோது பிள்ளைகள் சரளிவரிசை தொடங்கினார்கள்; தோளில் வைக்கும் சோங்கு தெரிந்தபோது வகுப்பு முடிந்து சப்பாத்துத் தேடுகிறார்கள். வால்நட் மரச் சோங்கு. பளபளப்பு எப்படியென்றால், அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

ஏன் துவக்கு? வருங்கால ஆராய்ச்சியாளருக்காக: தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் கென், நியூபவுண்லாந்துக்காரன், போர்க்லிப்ற் ஓட்டுகிறவன், ஒவ்வொரு இலையுதிர் காலமும் காட்டு வாத்து வேட்டைக்குப் போவான். அவனுக்கு நான் மதிய இடைவேளைகளில் வன்னிக்காட்டு வேட்டைக் கதைகள் சொல்லி வருகிறேன். ஒரே வெடி, இரண்டு பன்றி. பன்றியைத் துளைத்த சன்னம் மரத்தில் பட்டுத் திரும்பி ஒரு மரை. உண்மையில் என் வாழ்நாளில் நான் சுட்டது கத்தரிக்காய் ஒன்றுதான். இந்த வருடம் கென் சொல்லிவிட்டான்: நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு நீயும் வா, உன் துவக்கோடு வா.

வசந்த காலத்திலேயே பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சித்தியடைந்து அனுமதியும் எடுத்தாயிற்று. அனுமதி தரும் முன் பொலிஸ்காரர் யோ.விடம் ரெலிபோனில் விசாரித்தார்: உங்கள் கணவர் துவக்கு வைத்திருப்பதில் பயம் உண்டா? யோ. சொன்ன பதில்: “அவர் தொடங்கின ஒண்டையும் முடிக்கமாட்டார் சேர், பயப்பிடாமல் குடுங்கோ.” பல்கனியில் தேனீப் பெட்டி, நட்சத்திரம் பார்க்கும் குழாய், கயாக் படகு (ஒன்பதாம் மாடியில்). அவள் பட்டியல் அவளுக்கு.

சப்பாத்து மாட்டும்போது ஒரு சின்னப் பெண்: “அங்கிள், ரூமுக்குள்ள என்ன செய்யிறீங்கள்?”

“கனடாவைப் பாதுகாக்கிறன் பிள்ளை.”

“ஃப்ரொம் ஹூ?”

யோசிக்க வேண்டும்.

20 செப்ரெம்பர், ஞாயிறு

மப்பு. மழை இல்லை. நாளை நவராத்திரி தொடக்கம். கும்பம் வைக்கப் புதுச் செம்பு தேவை. பிளாசாக் கடைக்கு யோ.வோடு.

யோ. செம்பு வாங்குவது பார்க்க வேண்டிய காட்சி. விரலில் கொழுவித் தூக்கி, மறுகை விரல் முட்டியால் ஒரு தட்டு. தலையைச் சரித்துக் கேட்பாள். வைப்பாள். அடுத்தது. கடை முழுக்க நாதம்.

கடைக்காரர்: “அக்கா, நீங்கள் செம்பு வாங்க வாறியளோ, கச்சேரி வைக்க வாறியளோ?”

“அண்ணை, உது உடைஞ்ச செம்பு. கும்பத்துக்கு வைக்கேலாது.”

“எங்கை உடைஞ்சிருக்கு? காட்டுங்கோ பாப்பம்!”

“கண்ணுக்குத் தெரியாது. இது பாருங்கோ, ஆறு கட்டை. இது அஞ்சரை. உதைத் தட்டினால் சத்தம் வருது, சுருதி வரேல்லை. உடைஞ்ச சாமானுக்குக் கட்டை சொல்லேலாது.”

கடைக்காரர் செம்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அடியிலிருந்து ஒரு சொட்டு, வெட்கப்பட்டு வெளியே வந்தது. பத்து வீதம் கழிவு தந்தார், நாங்கள் வாயை மூடிக்கொண்டு போவதற்கு.

எதற்கும் கட்டை சொல்லுவாள் இவள். எங்கள் வீட்டுப் பிறிட்ஜ் இரண்டு கட்டை. கேத்தில் கொதித்தால் ஏழு. என் குறட்டை ஒன்று, ஆனால் விலகுகிறதாம். நான் பாடாதவன், சுருதியைக் கட்டையில் அளப்பது பாடுகிறவர் வழக்கம், எனக்குக் கட்டை என்றால் விறகு.

பி.ப. கொம்பியூட்டர். பழைய துவக்கு வாங்குவோர் பார்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம். ஆச்சரியம்! குழலைத் தனியாகக் கழற்றி, நூலில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டிக் கேள் என்கிறான். மணிபோல் ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது வெடிப்பு. பேர்மிங்காம்காரனும் யோ.வும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது.

மற்றவை, மறவாமல் கேட்க:
– திருகாணித் தலைகள். சிதைந்திருந்தால் ஒரு மடையன் திறந்து பார்த்திருக்கிறான்.
– பூட்டி ஆட்டினால் கடகட என்கிறதா.
– குழலுக்குள் அம்மைத் தழும்பு.
– சோங்கின் கழுத்தில் மயிர்க்கீறல்.
– பரிசோதித்த முத்திரை. இந்தக் காலத்து வெடிமருந்தைத் தாங்குமா.
– யோ.விடம் சொல்வது எப்போது. (இது வோல்ற்றரிடம் கேட்க அல்ல.)

22 செப்ரெம்பர், செவ்வாய்

வேலை. பிளாஸ்ரிக் வாளி, பிளாஸ்ரிக் வாளி, பிளாஸ்ரிக் வாளி. இந்த உலகத்து மக்கள் எல்லோரும் ஒரே நாளில் குளிக்கப் புறப்பட்டாலும் நான் செய்த வாளிகள் மிஞ்சும். இயந்திர இரைச்சலில் என் இரண்டு காதும் ஓய்வூதியம் கேட்கின்றன.

வோல்ற்றர் பதில் போட்டிருக்கிறார். நல்ல மனிதர். திருகாணிகள் கன்னி கழியாதவை. பூட்டினால் பெட்டகம் போல. குழலில் பாம்புச்சட்டைக் கோடு இல்லை. அது நல்ல செய்தி: கோடுள்ள பழைய முறுக்கு இரும்பு இன்றைய தோட்டாவுக்கு வெடித்துவிடும் என்று கென் சொல்லியிருந்தான். “வாங்கமுதல் விரல்களை எண்ணிவை, சுட்டபிறகு திரும்ப எண்ணு” என்றான். தோட்டா மட்டும் நீளம் குறைந்த ரகம் போட வேண்டுமாம். தோட்டாவை அடிக்கும் குதிரை இரண்டும் துவக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, முயல் காது போல.

வியாழன் பின்னேரம் ரெலிபோன் எடுக்கிறேன், குழலைத் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டுங்கள் என்று எழுதினேன். ‘இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, ஆனால் ஏன் கூடாது’ என்று பதில்.

இதற்குள் வீட்டில் புரட்சி. இன்ரர்நெற் ஓடினால் ரெலிபோன் வராது. ஒரு பிள்ளையின் தாய் முழுப் பின்னேரமும் எடுத்துப் பார்த்தாளாம்.

யோ.: “லைனைப் பிடிச்சுக்கொண்டு உங்கை என்ன பாக்கிறியள்?”

“பழைய சாமான்.”

“வீட்டிலை ஒண்டு இருக்குத்தானே, காணாதோ?”

என்னைத்தான் சொல்கிறாள். மறுமொழி வைத்திருந்தேன், சாப்பாடு வைத்திருந்தபடியால் சொல்லவில்லை. அவல், கடலை. சரஸ்வதி பூசைக்கு என் ஆயுதத்தையும் கும்பத்தடியில் வைப்பதாக ஒரு கனவு. இதுவரை வருடாவருடம் நான் வைத்தது தகர ரின் திறக்கும் கருவி.

23 செப்ரெம்பர், புதன்

வெயில். காற்று. இதை எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. எழுந்து நடந்து, இருந்து, மறுபடி எழுந்து.

வேலையால் வந்து பல்கனியில் நின்றேன். மேலே காட்டு வாத்துக்கள் தெற்கே போகின்றன, வளைந்த வரிசையாக, மந்திரிசபை போலக் கத்திக்கொண்டு. தும்புத்தடி கையில் இருந்தது (பல்கனி கூட்ட). துவக்கின் நீளம் கிட்டத்தட்ட அதே. தலைப்பக்கத்தைத் தோளில் வைத்து, தடியை நீட்டி, கண்ணைச் சுருக்கி, வரிசையோடு மெல்லத் திரும்பி... இரண்டு வெடியில் ஐம்பது வாத்து. ஒன்ராறியோ ஏரி இருண்டது.

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டு. தட்டு இல்லை, இடி. திறந்தால் கட்டடத்துச் சுப்பரின்ரென்டன், நீலக் கோட்டு, இடுப்பில் திறப்புக் கொத்து. எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ ரெலிபோனில் சொன்னார்களாம், ஒன்பதாம் மாடியில் ஒரு மனிதன் நீளத் துவக்கோடு நிற்கிறான் என்று. தும்புத்தடியை ஒப்படைத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரித்தான். நானும் சிரித்தேன். போகும்போது அவனும் ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தான், சத்தியமாக.

கதவைச் சாத்திவிட்டு, இந்தக் கதையை யோ.வுக்கு எப்படி இன்னும் பெருப்பித்துச் சொல்லலாம் என்று உள்ளே போனேன்.

படுக்கையறை நடுவில் நிற்கிறாள். வீட்டுச் சட்டைக்கு மேலே குளிர்க்கோட்டு. காலில் சப்பாத்து. கையில் கறுப்புப் பை: கடவுச்சீட்டுகள், குடியுரிமை அட்டைகள், கலியாண எழுத்து எல்லாம் இருக்கிற பை.

“எங்கை போறீர்?”

“தெரியாது.”

“சுப்பரின்ரென்டனப்பா. பகிடி.”

“தட்டின தட்டு அப்பிடி இருந்தது.”

சப்பாத்தைக் கழற்ற உதவினேன். கயிறு இறுக்கிக் கட்டியிருந்தாள். இரட்டை முடிச்சு.

அவளுடைய அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது, எனக்குத் தெரிந்த கதைதான். இரட்டைக்குழல், அனுமதியோடு, தோட்டத்துக் குரங்குக்கு வெடி வைக்க. அதை அவள் இரண்டு வசனத்தில் சொல்வாள், ஒருநாளும் மூன்றாவது வசனம் வராது. “இயக்கப் பொடியள் வந்து கேட்டாங்கள், குடுத்தம். பிறகு ஆமி வந்து கேட்டான், குடுக்க ஒண்டும் இருக்கேல்லை.” மூன்றாவது வசனம் அவளுடைய தங்கை சொல்லி எனக்குத் தெரியும்: ஆமி கொண்டுபோன அப்பா திரும்பி வந்தார், ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. யோ. அவருக்கு முன்னால் பிறகு பாடியதில்லை.

துவக்கு வாங்கும் யோசனையை இன்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

24 செப்ரெம்பர், வியாழன்

நாள் முழுதும் ஒன்றும் ஓடவில்லை. வாளி அச்சில் இரண்டுமுறை கைப்பிடி இல்லாத வாளி. கென்: “வன்னியிலும் நீ இப்படித்தான் குறி தவறுவாயா?” வேட்டைக்கு முந்தின பதற்றம் என்றேன். புலிக்கும் இருக்கும் என்றேன்.

சொல்லியபடி வோல்ற்றருக்கு எடுத்தேன். கராஜில் கூரை வளையிலிருந்து குழலைத் தொங்கவிட்டிருக்கிறாராம். ரெலிபோனைக் கிட்டப் பிடித்துத் தட்டினார். ணங் என்றதோ ணொங் என்றதோ, என் காதுக்கு ஒரு வாளி. இன்னொருமுறை. வாளி. காதை மாற்றினேன். வாளி.

யோ. அடுக்களையில் வெங்காயம் உரிக்கிறாள். என் மூளைக்குள் இருக்கும் குட்டிப் பிசாசு சொன்னதைச் செய்தேன். “இஞ்சாரும், ஒரு சத்தம் கேட்டுச் சொல்லும், நல்லதோ உடைஞ்சதோ எண்டு.” என்னவென்று சொல்லவில்லை.

கை துடைத்து வாங்கினாள். வழக்கமான தலைச் சரிவு. கண் மூடினாள். வலது கை விரல்கள் தொடையில் ஒருமுறை எழுந்து படுத்தன.

“இன்னொருக்காத் தட்டச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கேட்டாள்.

“என்ன சாமான் இது?”

பொய் சொல்ல நேரமில்லை. “துவக்குக் குழல். வாங்கலாமோ எண்டு...”

கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கலண்டரைப் பார்த்தாள், ஏதோ திதி தேடுகிறவள் மாதிரி. அங்கே லின்ட்சேயில் வோல்ற்றர் ஹலோ, ஹலோ என்கிறார்.

“உடைஞ்சது” என்றாள். “வாங்காதேங்கோ.” ரெலிபோனைத் தந்துவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டாள்.

சண்டை இல்லை. சண்டை வந்திருந்தால் நான் வென்றிருப்பேன், அல்லது தோற்றிருப்பேன். ஏதோ ஒன்று நடந்திருக்கும். வோல்ற்றரிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன்.

25 செப்ரெம்பர், வெள்ளி

குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றர் குழாய் தட்டுகிறது. (ஆறரைக் கட்டை? கேட்கப் பயம்.)

விசயம் இதுதான். பிறிட்ஜுக்குக் கட்டை சொல்ல இவளுக்கு ஒரு இமைப்பொழுது போதும். நேற்று கலண்டரைப் பார்த்து நின்றாள்.

மறுபக்கம்: யோ. சுருதி விசயத்தில் பொய் சொன்ன சரித்திரம் இல்லை. ஊர்ச் சங்கத் தலைவரின் மகள் பாடியபோது, தலைவர் காரில் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை: “பிள்ளைக்கு நல்ல மனம், சுருதிதான் இல்லை.” அடுத்த வருடம் எங்களுக்கு வாணி விழா அழைப்பு இல்லை. பிறம்ரனில் அவளுடைய சொந்தத் தங்கையின் மகளின் அரங்கேற்றம். சாப்பாட்டு வரிசையில், கையில் வடையோடு, “மூண்டாவது பாட்டு முழுக்க விலகிப் போச்சு” என்றாள். தங்கை ஒரு வருடம் கதைக்கவில்லை. “ஒரு சும்மா வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?” என்று கேட்டேன். “பொய்ச் சுருதி சொன்னால் என்ரை காது என்னை விட்டுப் போயிடும்” என்றாள். அப்படிப்பட்டவள்.

எனவே குழல் உடைந்தது. முடிந்தது.

ஆனால் கலண்டர்?

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். குண்டான், தாச்சி, கட்டில் கால், பூச்சாடி. எல்லாம் வாளி. யோ. கதவருகில் நின்று பார்த்தாள்.

“என்ன தேடுறியள்?”

“ஒண்டுமில்லை.”

“அதுக்கு ஏன் பூச்சாடியை அடிக்கிறியள்?”

எழுந்து நடந்தேன். இருந்தேன். பத்திரிகை. ஒரே பக்கத்தை, மரண அறிவித்தல், மூன்றுமுறை. யாரையும் தெரியாது.

27 செப்ரெம்பர், ஞாயிறு

கென்னின் ட்றக்கில் லின்ட்சே. அவனுக்கு உற்சாகம், நான் பட்டியலை மறுபடி மறுபடி வாசித்தேன். வழியெல்லாம் மேப்பிள்கள் தீப்பிடித்து நிற்கின்றன. யோ.விடம் கென்னோடு போகிறேன் என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. சோறு கட்டித் தந்தாள், கென்னுக்கும் சேர்த்து, உறைப்புக் குறைத்து.

வோல்ற்றர் நீளமானவர், கம்பளிச் சட்டை, காதில் கேட்கும் கருவி. கராஜின் வளையில் குழல் இன்னும் தொங்குகிறது. கீழே மேசையில் சோங்குப் பகுதி, பழைய போர்வை மேல், குளித்து விட்ட குழந்தை போல.

பார்த்தேன். பட்டியலில் உள்ள எல்லாம். திருகாணி: சொன்னபடி. முத்திரை: கென் கண்ணாடி போட்டுப் பார்த்துத் தலையாட்டினான், இந்தக் காலத்து மருந்துக்கும் பிறகு ஒருமுறை சோதித்த முத்திரை இருக்கிறதாம். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக வெள்ளி, ஒரு தழும்பு இல்லை. அந்தக் கோடியில் வோல்ற்றரின் தோட்டம், சின்னதாக, தலைகீழ் இல்லாமல். பூட்டி, பென்சிலைக் குழலுக்குள் போட்டு விசையை இழுத்தால் துள்ளி வர வேண்டும் என்று அந்த இன்ரர்நெற் பக்கத்தில் இருந்தது. துள்ளியது, இரண்டும்.

பிறகு குழலைக் கழற்றி, மறுபடி தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினேன்.

இதை நான் பெருப்பிக்கப் போவதில்லை. நாற்பது பக்கத்துக்கு எழுதக்கூடியவன், எழுதவில்லை. அது ஒலித்தது. என்னுடைய வாளிக் காதுக்கே. கென் மூக்குச் சிந்தி, கைக்குட்டையை மடித்து, பைக்குள் வைக்கும்வரை ஒலித்தது. நூலைப் பிடித்திருந்த என் விரலில் அதற்குப் பிறகும் இருந்தது.

உடையவில்லை.

கென் பூட்டித் தந்தான். தோளில் வைத்தேன். தையற்காரன் அளவெடுத்த கோட்டு மாதிரி இருந்தது. கண் தானாகக் குழல் நடுவில் போய் இருந்தது. கென், “இது உனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது” என்றான். வோல்ற்றர் போர்வையை மடிக்கத் தொடங்கிவிட்டார், சுற்றித் தர.

தோளில் வைத்தபடி நின்றேன். சுவரில் வோல்ற்றரின் கலண்டர். அதைப் பார்த்ததும் யோ. பார்த்த பார்வை வந்துவிட்டது. பொய் சொல்லியிருக்கிறாள். தங்கையின் மகளுக்குச் சொல்லாத பொய்யை, தலைவருக்குச் சொல்லாத பொய்யை. காது விட்டுப் போய்விடும் என்று நம்புகிறவள்.

என்னிடம் வேண்டாம் என்று அழுதிருக்கலாம். கத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் பகிடி விட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

இறக்கிப் போர்வையில் வைத்தேன்.

“என்ன பிழை?” என்று கென்.

“என் மனைவிக்குச் சத்தம் சரிவரவில்லை.”

கென் சிரித்த சிரிப்பில் கராஜ் கூரை போயிருக்கும். வோல்ற்றர் சிரிக்கவில்லை. கருவியைக் காதில் சரிசெய்து, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். “என்னுடையவளும் இதை வீட்டுக்குள் விட்டதில்லை” என்றார். “அதனால்தான் கராஜ்.” கோப்பி தந்தார். நாங்கள் யோ.வின் சோற்றைப் பிரித்து மூவருமாகச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது கென் பாதித் தூரம் றேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு: “அப்ப வேட்டைக்கு?” சமையற்காரனாக வருகிறேன் என்றேன். வன்னியில் நான் சமைத்த வாத்துக்கறிக்குக் காட்டுச் சிறுத்தைகள் வரிசையில் நின்ற கதையைத் தொடங்கினேன். “நீ ஒருநாளும் வேட்டைக்குப் போகவில்லை, இல்லையா?” என்றான். “சிறுத்தைகள் தட்டோடு நின்றன” என்றேன்.

வீடு. யோ. கும்பத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் குழலைப் போய்ப் பாத்தனான்.”

பூ கையில் நின்றது.

“நீர் சொன்னது சரி. வெடிப்பு. நல்லகாலம் வாங்கேல்லை.”

“ம்” என்றாள். பூவைச் செம்பருகில் வைத்தாள், பிறகு எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

நான் வாழ்க்கையில் சொன்ன ஆகச் சின்னப் பொய் இது.

28 செப்ரெம்பர், திங்கள்

தூறல். வோல்ற்றரிடமிருந்து ஒரு வரி: வேறு ஒருவர் ஞாயிறு பின்னேரமே எடுத்துப்போய்விட்டாராம். ஒட்டாவாக்காரர். நல்லது. நல்லதா? மூன்றுமுறை எழுந்து தண்ணீர் குடித்தேன். தோள் இன்னும் அந்தச் சோங்கை வைத்துக்கொண்டிருக்கிறது.

யோ. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும். கேட்காமலே. கேட்டால் கிடைக்காத சாமான் அது.

30 செப்ரெம்பர், புதன்

சரஸ்வதி பூசை. கும்பத்தடியில் தம்புரா, சுருதிப்பெட்டி, பிள்ளைகளின் கொப்பிகள், யோ.வின் கண்ணாடி.

“உங்கடை ஆயுதம் எங்கை? கொண்டு வந்து வையுங்கோ.”

பழக்கத்தில் ரின் திறக்கும் கருவியை எடுத்தேன். பிறகு யோசித்துத் தும்புத்தடியையும் கொண்டுவந்து சாத்தினேன், தலையில் சந்தனப் பொட்டு வைத்து.

யோ. பார்த்தாள். சிரிப்பு வாயின் ஒரு மூலையில் தொடங்கி அங்கேயே நின்றது. “அறுந்த மனுசன்.” ஆனால் எடுத்து எறியவில்லை. தீபம் காட்டும்போது தும்புத்தடிக்கும் காட்டினாள்.

பாடினாள். இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் நிறுத்தி, சுருதிப்பெட்டியைச் சரிபார்த்து, மறுபடி தொடங்கினாள். பெட்டி சரியாகத்தான் இருந்திருக்கும். அவள் தன் காதைத்தான் சரிபார்த்தாள்.

ஏதும் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடலை சாப்பிட்டேன்.

1 ஒக்ரோபர், வியாழன்

விஜயதசமி. நல்ல வெயில், கண்ணாடி வழியாக. கண்ணாடி துடைத்தாயிற்று, இறுதியாக, வெளிப்பக்கம் நீங்கலாக. வேலைக்கு லீவு. புதுப் பிள்ளைகள் இன்று பாட்டுத் தொடங்க வருவார்கள். எனக்கு ஒதுக்கிய பதவி: சப்பாத்து மேற்பார்வை, தேங்காய் துருவல்.

பிள்ளைகள் வர முதல் யோ. முன்னறையில் பாய் போட்டு இருந்தாள். நான் அடுக்களையில். முதுகு எனக்கு.

“இஞ்சருங்கோ.”

“என்ன?”

சுருதிப்பெட்டியைத் திருப்புகிற சத்தம். மேலே. கீழே. நின்றது.

“அது நாலரைக் கட்டை.”

உடைந்த சாமானுக்குக் கட்டை சொல்ல முடியாது என்றவள் இவள். துருவலை மெதுவாக்கினேன்.

“சுத்தமான நாலரை” என்றாள்.

பெட்டியை அழுத்தினாள். முன்னறை, அடுக்களை, துடைத்த யன்னல் எல்லாவற்றிலும் வோல்ற்றரின் கராஜ். கொஞ்ச நேரம் விட்டுவைத்திருந்தாள். பிறகு பிள்ளைகளின் சுருதிக்கு மாற்றினாள்.

கதவில் தட்டு, பலமாக, சின்னக் கைகள் சேர்ந்து. நான் கை கழுவத் தொடங்கினேன்.

“நீங்கள் நில்லுங்கோ” என்று யோ. எழும்பிப் போனாள், வெறுங்காலோடு, திறக்க.

தேங்காய் பாதியில்.